குரு வேண்டாம் என்பவரே குருவாகிவிட்டால்?

கேள்வி – கரையோரன்

பதினோரு ஆண்டுகளாக ஓர் ஆன்மிக எழுத்தாளரை விடாமல் வாசித்து வருகிறேன். பெயரைச் சொன்னால் பேச்சு அவரைச் சுற்றியே போய்விடும் என்பதால் சொல்லாமல் விடுகிறேன். நான் கேட்க வந்தது என்னைப் பற்றி. வாழ்க்கை, மரணம், வேதாந்தம், பௌத்தம், தாவோ என எதை எடுத்தாலும் அவரிடம் உறுதியான கருத்து ஒன்று இருக்கும். மழுப்புவது அவருக்குத் தெரியாது. அதிலும் குருமார்களைப் பற்றி எழுதும்போது அவருடைய பேனா தனிக் கூர்மை பெற்றுவிடும். காவி கட்டியவர், வெள்ளை உடுத்தியவர், மேடையில் சிரிப்பவர், பேசாமல் இருந்தே பெயர் வாங்கியவர் என்று ஒருவரையும் அவர் விட்டதில்லை. கீழை மெய்யியல் முழுவதையும் பிழிந்தால் 'நீயே பார்' என்ற இரண்டு சொற்கள்தாம் மிஞ்சும், அந்த இரண்டுக்கும் தரகர் எதற்கு என்பது அவருடைய கட்சி. 1929-இல் நெதர்லாந்தின் ஓமன் முகாமில், தம்மை உலக குருவாக ஏற்றிருந்த அமைப்பையே ஜே. கிருஷ்ணமூர்த்தி கலைத்ததை அவர் பத்துக் கட்டுரைகளிலாவது எடுத்துக்காட்டியிருப்பார். 'குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிக் குருடும் குருடும் குழிவிழு மாறே' என்ற திருமூலர் அடிகளும் அப்படியே.

அவருடைய வாக்கியங்களில் மனத்தில் தைத்தவற்றை எழுதிவைக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். இப்போது நடப்பது நான்காவது நோட்டு.

சென்ற மாதம் என் அத்தான் காலமானார். காரியங்கள் முடிந்து உறவினர் எல்லாரும் கிளம்பிவிட்ட ஒரு மாலையில் அக்காவின் அருகே உட்கார்ந்திருந்தேன். அவள் அத்தானின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, திறப்பதும் டப்பென்று மூடுவதுமாக இருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்ற தவிப்பில், நாம் அழுவது போனவருக்காக அன்று, நமக்குள் வைத்திருக்கும் அவருடைய பிம்பத்தை விட மனமில்லாமல்தான் என்று சொன்னேன். கூட்டைப் பாதி திறந்தபடியே நிறுத்திவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "இது நீ சொல்வதா, அவர் சொல்வதா?" என்று கேட்டாள். கோபம் இல்லை, தெரிந்துகொள்வதற்காகவே கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு தேடிப் பார்த்தபோது அந்த வாக்கியம், ஏறக்குறைய எழுத்து மாறாமல், மூன்றாவது நோட்டில் இருந்தது.

அன்றிலிருந்து ஒரே குடைச்சல். குரு வேண்டாம் என்பவரின் சொல்லையே வேதவாக்காகக் கொண்டு நடப்பவன் குருவை விட்டவனா, பெயரை மட்டும் மாற்றிக் குருவை வைத்துக்கொண்டவனா? இப்படி மறைவாகச் சார்ந்திருப்பதற்குப் பதிலாக, நேரில் ஒருவரைத் தேடிப்போய்ச் சீடனாக அமர்வதே நேர்மையோ என்றுகூடத் தோன்றுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி – ஏட்டுச்சுவடி

முதலில் அந்தத் திருமூலர் பாட்டை முழுவதுமாகப் பார்த்துவிடுவோம். நீங்கள் காட்டியவை அதன் கடைசி இரண்டு அடிகள். அவற்றுக்கு முன்னால் 'குருட்டினை நீக்கும் குருவினைக் கொள்ளார், குருட்டினை நீக்காக் குருவினைக் கொள்வர்' என்று இரண்டு அடிகள் இருக்கின்றன. குருட்டை நீக்கும் குரு ஒருவர் உண்டு, அவரை விட்டுவிட்டு நீக்கத் தெரியாதவரிடம் போய் விழுகிறார்களே என்பதுதான் பாட்டின் ஆதங்கம். உங்கள் எழுத்தாளர் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முன்பாதியை விழுங்கிவிட்டார். அறியாமல் செய்தாரா, வசதிக்காகச் செய்தாரா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் கேட்க முடியாது என்பதில்தான் உங்கள் சிக்கலே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆசிரியர் ஆகத் தகாதவர் யார் என்று சொல்ல வந்த நன்னூல், கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்று நான்கு உவமைகளை வைக்கிறது. இவற்றில் மடற்பனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பனையின் உடம்பில் கருக்கு மட்டைகள் கழிக்கப்படாமல் நின்றால் யாரும் ஏறிப் பறிக்க முடியாது. பழம் அதுவாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். 'தானே தரக்கொளின் அன்றித் தன்பால் மேவிக் கொளக்கொடா இடத்தது மடற்பனை' என்பது நூற்பா. எழுத்தாளர் எவரும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வாசகனுக்கு மடற்பனைதான். அவருக்கு எப்போது எது தோன்றுகிறதோ அது விழும்; உங்களுக்கு வேண்டியதை வேண்டிய நாளில் ஏறிப் பறிக்க வழியில்லை. அது அவர் குற்றமன்று, எழுத்தின் இயல்பு. ஆனால் விழுந்த பழத்தைப் பொறுக்கி நான்கு நோட்டு நிறைத்துவிட்டு, மரத்தில் ஏறிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்ளக் கூடாது.

நேரில் இருக்கும் ஆசானிடம் மட்டும் என்ன கிடைக்கிறது என்று கேட்டால், சைவ சித்தாந்த மரபு சொல்லும் கதை ஒன்று எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். சகலாகம பண்டிதர் என்று போற்றப்பட்ட அருணந்தி, மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குலகுரு. தம்மைவிடப் பல்லாண்டு இளைய சிறுவனான அந்த மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் உபதேசம் செய்கிறார், தம் மாணவர்களே அங்கே போய் உட்காருகிறார்கள் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. நேரே போய் நின்றுகொண்டு, ஆணவத்தின் சொரூபம் யாது என்று கேட்டார். மெய்கண்டார் வாயைத் திறக்கவில்லை. கேட்டவர் நின்ற கோலத்தை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார். பண்டிதருக்குப் புரிந்துவிட்டது, அங்கேயே விழுந்து வணங்கிச் சீடரானார். பிற்காலத்தில் சிவஞான சித்தியாரை எழுதியவர் அவர்தான்.

இந்தக் கதையில் உபதேசம் என்று ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ஆள் அந்த நேரத்தில் எப்படி நின்றார் என்பதைப் பார்க்கக் கூடியவர் எதிரே இருந்தார், அவ்வளவுதான். ஆகமங்கள் அனைத்தையும் கரைத்துக் குடித்த ஒருவருக்கு, ஆணவத்தைப் பற்றி எழுதப்பட்ட எந்த ஏடும் அந்த வேலையைச் செய்யவில்லை. உங்கள் எழுத்தாளர் உங்களைப் பார்த்ததே இல்லை. உங்கள் அக்கா பார்த்தார். அதனால்தான் அவருடைய ஒற்றைக் கேள்வி பதினோரு ஆண்டு வாசிப்பால் ஆகாததைச் செய்தது. குரு என்ற வடசொல்லுக்கு இருளை நீக்குபவர் என்று பிரித்துப் பொருள் சொல்வது வழக்கம். ஆனால் சொல்லின் நேர்ப்பொருள் கனமானது என்பதே. யாப்பில் லகு, குரு என்கிறோமே, அதே குரு. எதிரே உட்கார்ந்திருந்தால் கனம் தெரியும், தாளில் தெரியாது.

அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டதுண்டா?

மறுமொழி – நேர்கோடு

ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். பார்த்துத் திருத்துபவரே குரு என்றால், பாகவதத்தின் பதினோராம் காண்டத்தில் வரும் அவதூதர் என்னும் துறவி தமக்கு இருபத்து நான்கு குருமார் என்று எண்ணிச் சொல்கிறாரே, அவர்களை என்ன செய்வது? நிலம், காற்று, மலைப்பாம்பு, சிலந்தி, ஒரு கணிகை, கையில் ஒற்றை வளையலோடு நின்ற ஒரு கன்னிப்பெண். அவர்களில் ஒருவரும் அவதூதருக்குப் பாடம் சொல்லவில்லை. அவர் அங்கே இருப்பதைக்கூடப் பலர் அறியவில்லை. பார்த்தவரும் கற்றவரும் அவதூதர் ஒருவரே. சிலந்தி குருவாகலாம் என்றால் ஓர் எழுத்தாளர் ஏன் ஆகக் கூடாது?

கேட்டவருக்கு ஒரு வார்த்தை. துக்க வீட்டில் பொருத்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிட்டீர்கள், அக்கா சுட்டிக்காட்டினார். இதற்கு மெய்யியல் எதற்கு? அதே வாக்கியத்தைச் சொந்தமாக யோசித்துச் சொல்லியிருந்தாலும் அந்த மாலையில் அது தப்பாகத்தான் இருந்திருக்கும்.

மறுமொழி – விட்டுவந்தவன்

நேரில் ஒருவரிடம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டு இடங்களில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இருந்தது பெரிய இடம், பெயர் வேண்டாம். அங்கே குருவை நூறு அடித் தொலைவிலிருந்து, மேடை வெளிச்சத்தில்தான் பார்க்கலாம். அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எது மேடைக்குப் போகும் என்பதைத் தொண்டர்கள் முடிவு செய்வார்கள். நான் மூன்று முறை எழுதிக் கொடுத்த கேள்வி ஒரு முறையும் போகவில்லை. விலகுகிறேன் என்று சொன்ன நாளில், என் வினைப்பயன் என்னவாகும் என்று இரண்டு மணி நேரம் எனக்கு விளக்கினார்கள். குருத்துரோகம் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாக என்னை நோக்கிக் கேட்டேன். அதன் பிறகு ஓராண்டு காலம், எனக்குச் சளி பிடித்தால்கூட அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. அச்சம் அப்படித்தான் வேலை செய்கிறது.

ஆகவே ஏட்டுச்சுவடி சொல்லும் நெருக்கத்தைப் பற்றி எனக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. 1984-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ரஜனீஷின் (ஓஷோ) குடியிருப்பை நடத்தியவர்களில் சிலர், உள்ளூர்த் தேர்தலை மனத்தில் வைத்து உணவகங்களில் நோய்க்கிருமியைக் கலந்தார்கள். 751 பேர் நோயுற்றார்கள். செய்தவர்கள் தொலைவிலிருந்து புத்தகம் வாசித்தவர்கள் அல்லர்; குருவுக்கு மிக அருகில் இருந்தவர்கள். அருகில் இருப்பதால் மட்டும் பார்வை தெளிவதில்லை. எதைப் பார்க்கக் கூடாது என்று பழகிக்கொள்வதும் அருகில்தான் நடக்கிறது.

இரண்டாவது ஆசிரியர் முதியவர். ஏழெட்டுப் பேருக்கு உபநிடதம் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் முண்டகத்தில் ஒரு மந்திரத்தின் நடுவே நின்றுவிட்டார். அடுத்த சொல் வரவில்லை. கண்ணை மூடி அருள் வருவதுபோல் இருந்திருக்கலாம், நாங்கள் அதையும் நம்பியிருப்போம். "மறந்துவிட்டது, யாராவது சொல்லுங்கள்" என்றார். எங்களில் ஆக இளையவன் சொன்னான். தலையை ஆட்டிவிட்டு அங்கிருந்து தொடர்ந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, இனி வர இயலாது, வேறு வழியில் போகிறேன் என்று அவரிடம் சொல்லப் போனேன். பெரிய இடத்து அனுபவம் இருந்ததால், என்ன சொல்வாரோ என்று வழியெல்லாம் பதில்களைத் தயாரித்துக்கொண்டே போனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பேருந்து எத்தனை மணிக்கு?"

பாலி மொழிப் பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் வீமம்சக சுத்த என்று ஒரு சூத்திரம் உண்டு. புத்தரையே ஒரு பிக்கு எப்படி ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று புத்தரே சொல்லிக்கொடுக்கும் இடம். கண்ணால் காண்பதையும் காதால் கேட்பதையும் வைத்துச் சோதி. நெடுநாளாக இப்படி இருக்கிறாரா, இப்போதுதானா என்று பார். புகழ் வந்த பின் இவரிடம் ஏதாவது கேடு தலைகாட்டுகிறதா என்று பார் என்கிறார். கடைசியில் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் சில கேடுகள் புகழ் வரும்வரை வெளியே தெரிவதில்லை. இந்தச் சோதனையை அந்த முதியவரிடம் செய்ய முடிந்தது. பெரிய இடத்தில் முடியவில்லை. எழுத்தாளரிடம்? அவர் வெளியே அனுப்புவது திருத்தி முடித்த வாக்கியங்களை மட்டுமே. நடுவில் மறந்து நின்ற இடம் எந்தப் புத்தகத்திலும் அச்சாவதில்லை.

நேர்கோடு அவர்களுக்கு: சிலந்தி தன்னைக் குரு அல்ல என்று சொல்லிக்கொண்டு மற்றப் பூச்சிகளைத் திட்டிக் கட்டுரை எழுதுவதில்லை.

கரையோரன்

எல்லாருக்கும் நன்றி. நேர்கோடு சொன்னது சுட்டது, ஆனால் சரிதான்.

கடிதம் எழுதியதுண்டா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு முறை எழுதினேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தில், தியானத்தின்போது வரும் ஒரு பயத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். இரண்டு வரிப் பதில் வந்தது: அவருடைய ஒரு நூலின் பெயரும் பக்க எண்ணும். அந்தப் பக்கம் ஏற்கெனவே என் நோட்டில் இருந்தது. அப்போது அதை நினைத்துப் பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி – மென்காற்று

எல்லாரும் அந்த எழுத்தாளரைக் கூண்டில் ஏற்றிவிட்டதால் அவருக்காக ஒருத்தி பேச வேண்டியிருக்கிறது. குருமார்களைக் கடுமையாக எழுதுபவர்கள் இல்லாவிட்டால், விட்டுவந்தவன் அவர்களைப் போன்றோர் இரண்டு மணி நேர விளக்கத்தைக் கேட்டு அங்கேயே தங்கியிருப்பார்கள். தயங்கி நிற்பவனுக்கு வெளியே வரும் துணிவைத் தந்ததில் இப்படிப்பட்ட எழுத்துகளுக்குப் பங்கு உண்டு, எனக்குத் தந்தது. எழுத்தாளர் தம்மைப் பின்பற்றச் சொல்லவில்லை. பின்பற்றியவர் நீங்கள். கிருஷ்ணமூர்த்தி 1929-இல் அமைப்பைக் கலைத்தார். அதன் பிறகு 1986 வரை பேசிக்கொண்டே இருந்தார், கூட்டமும் வந்துகொண்டே இருந்தது. கலைக்க முடிந்தது அமைப்பை மட்டும்தான். கேட்பவர் மனத்தில் இருக்கும் பீடத்தைக் கேட்பவரே கலைத்தால்தான் உண்டு.

ஆனால் குருவின் சொல்லை ஆராயவோ மீறவோ மரபுக்குள்ளேயே இடம் இல்லை என்ற எண்ணம் பிழை. கீதையை முழுவதும் சொல்லி முடித்த கண்ணன், பதினெட்டாம் அத்தியாயத்தின் 63-ஆம் சுலோகத்தில், இதை எச்சமின்றி ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று அர்ச்சுனனிடம் சொல்கிறான். மூன்றே சுலோகம் தாண்டி, எல்லாத் தருமங்களையும் விட்டு என்னையே சரணடை என்கிறான், அது வேறு கதை; உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாக மோதிக்கொள்ளும் இடம் அது. என்றாலும் சரணடையச் சொல்வதற்கு முன்னால் ஆராயச் சொன்ன வரிசையை யாரும் மாற்ற முடியாது.

இன்னொன்று, இராமாநுசர். வைணவக் குருபரம்பரை நூல்கள் சொல்வதுபடி, திருக்கோட்டியூர் நம்பி அவரைப் பதினெட்டு முறை நடக்க வைத்து, யாரிடமும் சொல்லாதே என்ற நிபந்தனையோடு மந்திரப் பொருளைச் சொன்னார். இராமாநுசர் அந்த நிபந்தனையை மீறி எல்லாரையும் கூட்டிச் சொன்னார். குருவின் சொல்லை மீறினால் நரகம் என்றபோது, நான் ஒருவன் நரகம் புகுந்து இத்தனை பேர் உய்வார்கள் என்றால் அதுவே போதும் என்றார். நம்பி அவரைத் தழுவிக்கொண்டு எம்பெருமானார் என்று அழைத்தார். குருவை மீறிய சீடனை ஒரு மரபு தன் நடுநாயகமாக வைத்திருக்கிறது. மீறிய இடத்தில்தான் அவர் அந்தப் பொருளைத் தமதாக்கிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும்.

ஆகையால் குரு நேரில் இருக்கிறாரா, தாளில் இருக்கிறாரா என்பதைவிட எனக்கு அறிய வேண்டியது வேறு. அந்த நான்கு நோட்டுகளில், பதினோரு ஆண்டுகளில், ஒரு வாக்கியத்துக்கு எதிரேயாவது, இது தவறு, எனக்கு உடன்பாடில்லை என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களா?

கரையோரன்

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நான்கு நோட்டுகளையும் எடுத்துவைத்து உட்கார்ந்தேன். ஓரமெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. சிவப்பு மையில் அடிக்கோடுகள் உண்டு, இரட்டை அடிக்கோடுகளும் உண்டு. மறுப்பு என்று ஒரு சொல்கூட இல்லை.

இரண்டாவது நோட்டில் மட்டும் ஒரே ஓரிடத்தில் பென்சிலால் சின்னக் கேள்விக்குறி ஒன்று போட்டிருக்கிறேன். அதையும் பிறகு அழிக்கப் பார்த்திருக்கிறேன், தாள் அங்கே கொஞ்சம் பொங்கியிருக்கிறது. பற்று அறுந்தவனுக்கு இழப்பு என்று ஒன்று இல்லை என்ற பொருளில் வரும் வாக்கியம். எப்போது போட்டேன், ஏன் அழித்தேன் என்பது நினைவில் இல்லை. இப்போது நான்கைந்து முறை வாசித்துவிட்டேன். அந்த வாக்கியம் எனக்குச் சரியாகப் படவில்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.